திங்கட்கிழமை இரவு வான்கார்டுக்குப் போகிறவர்களுக்கு

நியூயார்க்குக்கோ நியூஜெர்சிக்கோ குடிவந்து, சுதந்திர தேவி சிலையையும் டைம்ஸ் சதுக்கத்தையும் பார்த்தாகிவிட்டது, பிளஷிங் பிள்ளையார் கோவில் கேண்டீனில் தோசையும் சாப்பிட்டாகிவிட்டது, இனி என்ன என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் பதில் ஒன்றுதான்: ஒரு திங்கட்கிழமை இரவு வில்லேஜ் வான்கார்டு என்ற ஜாஸ் கிளப்புக்குப் போங்கள். ஏழாவது அவென்யூ தெற்கில் 178ஆம் எண் கட்டடத்தின் நிலவறையில், பதினாறு பேர் கொண்ட வான்கார்ட் ஜாஸ் ஆர்க்கெஸ்ட்ரா 1966 பிப்ரவரியிலிருந்து திங்கள்தோறும் வாசித்துவருகிறது. இடையில் குழுவின் பெயர் மாறியது, தொடங்கிய இருவரும் காலமானார்கள், கொரோனாக் காலத்தில் கிளப் ஒன்றரை ஆண்டு பூட்டிக் கிடந்தது. திறந்ததும் மறுபடி திங்கட்கிழமைதான்.

இது ஜாஸ் தெரிந்தவர்களுக்கான கட்டுரை அல்ல. முதல் முறை போகிறவர்களில் பலர், "நன்றாகத்தான் இருந்தது, ஆனால் ஒரே இரைச்சல்" என்று சொல்லிக்கொண்டு திரும்புகிறார்கள். அவர்கள் காதில் குறை எதுவும் இல்லை. பதினாறு பேர் ஒன்றாக வாசிக்கும்போது எதைப் பிடித்துக்கொண்டு கேட்பது என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான். எழுந்து நின்று தனியாக வாசிப்பவரை மட்டும் கவனித்துவிட்டு, மற்றவர்கள் தாளைப் பார்த்து வாசிப்பதைப் பின்னணி என்று விட்டுவிடுகிறார்கள். இந்தக் குழுவில் சரக்கு முழுவதும் அந்தத் தாளில்தான் இருக்கிறது. அதைக் கேட்கத் தெரிந்துகொள்வதற்குத்தான் இந்த வழிகாட்டி.

முதலில், குழுவைப் பற்றிக் கொஞ்சம்

தாட் ஜோன்ஸ் மிச்சிகன் மாநிலத்தின் பான்டியாக் ஊரில் பிறந்த டிரம்பெட் கலைஞர். அண்ணன் ஹாங்க் பியானோ, தம்பி எல்வின் டிரம்ஸ். மூவருமே ஜாஸ் வரலாற்றில் தவிர்க்க முடியாத பெயர்கள். தாட் 1954 முதல் 1963 வரை, பியானோக் கலைஞர் கவுன்ட் பேஸி நடத்திய புகழ்பெற்ற ஜாஸ் குழுவில் வாசித்தார். பிறகு பேஸி ஓர் ஆல்பம் அளவுக்கு இசைக்கோவைகள் எழுதித் தரச் சொன்னார். எழுதிக் கொடுத்ததும், இவை நம் குழுவுக்கு ஒத்துவராது என்று திருப்பிவிட்டார். பேஸியைக் குறை சொல்ல முடியாது. குறைவாக வாசித்து நிறையச் சொல்வது அவர் குழுவின் பாணி. தாட் எழுதியதோ நெருக்கமும் திருப்பமும் நிறைந்த இசை.

கையில் தங்கிப்போன அந்தத் தாள்களே புதிய குழுவுக்கு முதலாயின. பஃபலோ நகரில் பிறந்த டிரம்ஸ் கலைஞர் மெல் லூயிசும் தாட்டும் சேர்ந்து, 1965ஆம் ஆண்டின் கடைசியில் ஒரு பதிவுக்கூடத்தில் நள்ளிரவு ஒத்திகைகளைத் தொடங்கினார்கள். நள்ளிரவுக்குக் காரணம் இருந்தது. வந்தவர்கள் எல்லோரும் ஒலிப்பதிவு, தொலைக்காட்சி, விளம்பரம் என்று பகலெல்லாம் பிறருக்காக வாசித்துச் சம்பாதிக்கும் முதல்தரக் கலைஞர்கள். தங்கள் விருப்பத்துக்கு வாசிக்க அவர்களுக்கு வேறு நேரம் கிடையாது. திங்கட்கிழமைக்கும் இதே காரணம்தான். நியூயார்க் இசைக்கலைஞர்களுக்கு வாரத்தில் வேலை குறைந்த இரவு அது. கிளப்பின் உரிமையாளர் மேக்ஸ் கார்டனுக்கும் திங்கள் மந்தமான நாள். அவர் இடம் கொடுத்தார். 1966 பிப்ரவரி 7 அன்று முதல் நிகழ்ச்சி நடந்தது. சில வாரம் ஓடினால் பெரிது என்று நினைத்துத் தொடங்கிய காரியம்.

1979இல் தாட் குழுவைவிட்டு டென்மார்க்குக்குப் போய்விட்டார். மெல் லூயிஸ் விடாமல் நடத்தினார். வால்வு டிராம்போன் வாசிப்பவரும் இசையமைப்பாளருமான பாப் புரூக்மேயர் எழுத்துப் பொறுப்பை ஏற்றார். 1990 பிப்ரவரியில் மெல் இறந்தபின், உறுப்பினர்கள் அந்த அறையின் பெயரையே குழுவுக்கு வைத்துக்கொண்டு தொடர்ந்தார்கள். பியானோக் கலைஞர் ஜிம் மெக்னீலி அடுத்த பெரிய எழுத்தாளராக வந்தார். நீங்கள் போகும் இரவில் கேட்கப்போவது பெரும்பாலும் இந்த மூன்று பேர் எழுதியதாகத்தான் இருக்கும். மூன்று கையெழுத்தும் வேறு வேறு. வேறுபாட்டைப் பிறகு சொல்கிறேன்.

வீட்டில் செய்துகொள்ள வேண்டிய தயாரிப்பு

ஜாஸ் வரலாற்றுப் புத்தகம் எதையும் வாசிக்க வேண்டாம். பத்து ஆல்பங்களைப் பட்டியல் போட்டுக் கேட்கவும் வேண்டாம். ஒரே ஓர் இசைக்கோவையைத் திரும்பத் திரும்பக் கேளுங்கள், அது போதும்.

1970இல் வந்த 'கன்சமேஷன்' ஆல்பத்தில் 'எ சைல்ட் இஸ் பார்ன்' என்ற தாட் ஜோன்ஸின் மெட்டு இருக்கிறது. மூன்று அடித் தாளம், மெதுவான நடை. பியானோவும், டிரம்பெட்டைவிட மென்மையாக ஒலிக்கும் ஃப்ளூகல்ஹார்னும் முன்னால் நிற்கின்றன. முழுக்குழுவும் அடக்கியே வாசிக்கிறது. முதல் தடவை மெட்டை மட்டும் கேளுங்கள். அடுத்த தடவை, மெட்டை விட்டுவிட்டு, அடியில் கனமாக ஒலிக்கும் பேஸ் என்ற பெரிய தந்தி வாத்தியம் என்ன செய்கிறது என்று கேளுங்கள். அதற்கடுத்து, குழு உள்ளே நுழையும் இடத்தில் மேலே ஒலிக்கும் சுரத்தை விட்டுவிட்டு நடுவில் மறைந்திருக்கும் சுரங்களைத் தேடுங்கள். ஒன்றையொன்று உரசிக்கொண்டு நிற்கும் சுரங்கள் அங்கே இருக்கும். இனிமையான மெட்டுக்கு அடியில் இவ்வளவு காரத்தை மறைத்து வைப்பதுதான் தாட்டின் கைவேலை. பதினாறு பேர் சேர்ந்தால் சத்தமாகத்தான் வாசிப்பார்கள் என்ற எண்ணமும் இந்த ஒரு பதிவிலேயே போய்விடும்.

ஆர்வம் மிஞ்சினால், 'ஆல் மை யெஸ்டர்டேஸ்' என்று 2016இல் வெளியான தொகுப்பையும் கேட்கலாம். 1966 பிப்ரவரி 7 அன்று நடந்த அந்த முதல் இரவே அதில் பதிவாகியிருக்கிறது. பதிவு செய்தவர் ஜார்ஜ் கிளாபின். அப்போது அவருக்குப் பத்தொன்பது வயது, கொலம்பியா பல்கலைக்கழக மாணவர். அந்த நாடாக்கள் முறையாக வெளிவர ஐம்பது ஆண்டுகள் ஆயின. கூட்டத்தின் கூச்சலும் மேடையிலிருந்தே எழும் உற்சாகக் குரல்களும் அப்படியே கேட்கின்றன. பதிவின் தரம் பளபளப்பாக இல்லை. எனக்கு அதனாலேயே பிடிக்கும்.

இன்னொரு சிறிய பயிற்சி. ஜாஸ் மெட்டுகளில் பெரும்பகுதி 32 அளவைகள் கொண்ட சுற்றுகளாக ஓடும். எட்டு அளவைக்கு ஒரு மெட்டு. அதே மெட்டு மறுபடி. வேறொரு மெட்டு எட்டு. கடைசியில் முதல் மெட்டு. அளவைக்கு நான்கு அடி. ஒரு சுற்று முடிந்ததும் அதே சுற்று மறுபடி தொடங்கும். அதன்மேல்தான் தனி வாசிப்பு நடக்கிறது. கச்சேரியில் தொடையில் தாளம் போட்டுப் பழகியவர்களுக்கு இது சிரமமே இல்லை. கற்பனாஸ்வரம் பாடுகிறவர் எங்கே சுற்றிப் போனாலும் எடுப்புக்கு வந்து சேர்வதை எதிர்பார்த்துக் காத்திருப்பீர்கள் அல்லவா, அதே காத்திருப்பை இங்கே கொண்டுவந்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. ஒன்றே ஒன்று கவனிக்க வேண்டும்: இங்கே அழுத்தம் முதல் அடியில் விழாது. டிரம்ஸ் வாசிப்பவரின் இடது கால் இரண்டாவது, நான்காவது அடிகளில் ஜோடித் தட்டுகளை மூடும். அந்தச் 'சக்' ஒலியைப் பிடித்துக்கொண்டால் தாளம் தவறாது.

டிக்கெட், வழி, சாப்பாடு

இரவுக்கு இரண்டு நிகழ்ச்சிகள். எட்டு மணிக்கு ஒன்று, பத்து மணிக்கு ஒன்று. ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஒன்றேகால் மணி நேரம். ஒவ்வொன்றுக்கும் தனி டிக்கெட். கிளப்பின் இணையதளத்தில் முன்பதிவு செய்துவிடுங்கள்; அன்றைய நேரமும் கட்டணமும் அங்கேயே இருக்கும். அறையில் 123 பேர்தான் உட்கார முடியும் என்பதால், நேரில் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்ற எண்ணம் வேண்டாம். டிக்கெட்டுக்கு மேல் ஆளுக்கு ஒரு பானமாவது வாங்க வேண்டும் என்பது விதி. மது அருந்தாதவர்கள் சோடாவோ பழச்சாறோ கேட்டால் யாரும் முகம் சுளிப்பதில்லை. பரிமாறுகிறவருக்கு இருபது சதவீதத்தை ஒட்டிய டிப்ஸ் வைப்பது இந்த ஊர் மரபு. புதிதாக வந்தவர்கள் கணக்கில் சேர்க்க மறப்பது இதைத்தான்.

முதல் நிகழ்ச்சியா, இரண்டாவதா? என் கட்சி இரண்டாவது. கைகள் சூடேறியிருக்கும், அறையும் சற்றுத் தளர்ந்திருக்கும், தனி வாசிப்புகள் நீளும். மறுநாள் செவ்வாய்க்கிழமை அலுவலகம் உண்டு என்பது உண்மைதான். எடிசன் போன்ற தூரத்து ஊர்களில் இருப்பவர்கள் கடைசி ரயிலின் நேரத்தைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

நியூஜெர்சி டிரான்சிட் ரயிலில் வருகிறவர்கள் பென் ஸ்டேஷனில் இறங்கி, தெற்கே போகும் 1, 2, 3 எண் சப்வே ரயில்களில் எதிலாவது ஏறி 14ஆம் தெருவில் இறங்கினால், அங்கிருந்து சில நிமிட நடை. ஜெர்சி சிட்டி, ஹோபோக்கன்காரர்களுக்கு பாத் ரயில் வசதி. அதுவும் 14ஆம் தெருவில் நிற்கும், ஆனால் அந்த நிலையம் ஆறாவது அவென்யூவில் இருப்பதால் ஒரு அவென்யூ மேற்கே நடக்க வேண்டும். பாத் ரயில் இரவு முழுவதும் ஓடுகிறது. இரண்டாவது நிகழ்ச்சிக்குப் போகிறவர்களுக்கு இது பெரிய விடுதலை.

சாப்பிட்டுவிட்டுப் போங்கள். உள்ளே உணவு கிடையாது. சமையலறை என்று ஒன்று இருக்கிறது, ஆனால் அது வெகுகாலமாகக் கலைஞர்கள் உட்கார்ந்து பேசும் அறையாகவும் அலுவலகமாகவும்தான் பயன்படுகிறது. கிரெனிச் வில்லேஜ் பகுதியில் சாப்பாட்டுக்குப் பஞ்சமில்லை. கார்மைன் தெருவில் நின்றுகொண்டே பீட்சா சாப்பிடலாம். மெக்டூகல் தெருவில் ஃபலாஃபல் கிடைக்கும், சைவக்காரர்களுக்கு அது நல்லது. பகலிலேயே இந்தப் பக்கம் வருவதாக இருந்தால், வாஷிங்டன் ஸ்கொயர் பூங்காவின் தெற்கு ஓரத்தில் யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர் தள்ளுவண்டியில் தோசை சுடுகிறார். நகரம் முழுக்கப் பெயர் பெற்ற வண்டி. மதியத்தோடு கடை முடிந்துவிடும். இரவு நிகழ்ச்சிக்கு வருகிறவர்கள் அதை நம்பி வரக்கூடாது.

ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவை அழைத்துப்போக நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. சிவப்புப் பந்தலுக்குக் கீழே கதவைத் திறந்ததும் செங்குத்தான குறுகிய படிக்கட்டு இறங்குகிறது. லிப்ட் இல்லை. முழங்கால் வலி உள்ளவர்களை இறக்கி ஏற்றுவது கடினம். அவர்களை கொலம்பஸ் சர்க்கிளில் உள்ள ஜாஸ் அட் லிங்கன் சென்டருக்கு அழைத்துப்போகலாம். அங்கேயும் ஒரு முழுநேரப் பிக் பேண்ட், அதாவது இதுபோன்ற பெரிய ஜாஸ் குழு, உண்டு. லிப்ட், வசதியான நாற்காலி, நல்ல கழிப்பறை எல்லாம் உண்டு. வான்கார்டில் கிடைக்கும் நெருக்கம் மட்டும் அங்கே கிடையாது.

எங்கே உட்காருவது

இருக்கைகளுக்கு எண் கிடையாது. முன்னால் வந்தவருக்கு முன்னுரிமை. கதவு திறப்பதற்குக் கால் மணி முன்பே வரிசையில் நின்றுவிடுங்கள்.

அறை முக்கோண வடிவம். முக்கோணத்தின் குறுகிய முனையில் மேடை இருக்கிறது. மறுமுனையில், அகலமான பக்கத்தில், பார். மேடையும் சிறியதுதான். மூவர் நால்வர் வாசிக்கும் குழுக்களுக்குப் பொருந்துகிற மேடையில் பதினாறு பேர் எப்படியோ அமர்ந்துகொள்கிறார்கள். சாக்ஸபோன் வரிசை ஏறக்குறைய பார்வையாளர் மடியில் உட்கார்ந்திருக்கும். அவர்களுக்குப் பின்னால் டிராம்போன்கள். கடைசி வரிசையில் டிரம்பெட்டுகள். ஒரு பக்கமாகப் பியானோ, பேஸ், டிரம்ஸ். ஐந்து, நான்கு, நான்கு, மூன்று: கணக்கு பதினாறு.

எல்லோரும் முதல் வரிசைக்கு ஓடுவார்கள். நீங்கள் ஓடாதீர்கள். அங்கே உட்கார்ந்தால் ஓர் ஆல்ட்டோ சாக்ஸபோனின் வாய் உங்கள் முகத்துக்கு நேரே இருக்கும். கலைஞரின் மூச்சும் விரல் சாவிகளின் டக் டக்கும் கேட்கும், டிரம்பெட்டுகள் தலைக்கு மேல் போய்விடும். அது ஓர் அனுபவம்தான், ஆனால் முதல் நாளுக்கு உரியதல்ல. அறையின் நடுவில், மேடையிலிருந்து நான்கைந்து மேசை தள்ளி, சுவரை ஒட்டிய நீள இருக்கையில் இடம் பிடியுங்கள். அங்கேதான் நான்கு பிரிவுகளின் ஒலியும் கலந்து வரும். இரண்டாவது முறை போகும்போது டிரம்ஸ் பக்கமாக உட்காரலாம். டிரம்ஸ் வாசிப்பவர் இத்தனை பேரையும் சத்தம் போடாமல் எப்படித் தூக்கி நகர்த்துகிறார் என்பதை அங்கிருந்து பார்க்கலாம். மெல் லூயிசின் பெயர் நிலைத்ததே அதற்காகத்தான். பிக் பேண்ட் என்றால் இடியாக முழங்க வேண்டும் என்ற பழக்கத்தை விட்டு, நாலு பேர் குழுவுக்கு வாசிப்பதைப்போல வாசித்தவர் அவர்.

நிகழ்ச்சி தொடங்குவதற்கு முன்பே சுவரில் தொங்கும் புகைப்படங்களைப் பார்த்துவிடுங்கள். 1935இல் திறந்த கிளப் இது. முதலில் கவிதை வாசிப்பும் நாட்டுப்பாட்டும் நகைச்சுவையும் நடந்தன. 1957வாக்கில்தான் முழுமையாக ஜாஸுக்குத் திரும்பியது. சானி ராலின்ஸ் 1957 நவம்பரில் பதிவு செய்ததும், பில் எவன்ஸ் 1961 ஜூனில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பதிவு செய்ததும், ஜான் கோல்ட்ரேன் அதே ஆண்டு நவம்பரில் பதிவு செய்ததும் இதே மேடையில்தான். தாழ்ந்த கூரை, சிறிய இடம், மூலையில் குவியும் முக்கோணம் எல்லாம் சேர்ந்து ஒலி இங்கே வறண்டு, துல்லியமாகக் கேட்கிறது. எதிரொலி இல்லை. ஒருவர் தப்பாக வாசித்தால் ஒளித்துக்கொள்ள இடமில்லை.

என்ன கேட்பது

தொடங்குவதற்கு முன் ஒரு சலசலப்பு. மேடையில் யாராவது ஓர் எண்ணைச் சொல்வார்கள். உடனே பதினாறு பேரும் தடித்த கோப்புகளைப் புரட்டுவார்கள். பிக் பேண்ட் கலைஞர்கள் தங்கள் இசைக்கோவைகளின் மொத்தத் தொகுப்பை 'புத்தகம்' என்றுதான் சொல்வது வழக்கம். ஒவ்வொன்றுக்கும் அதில் ஓர் எண் உண்டு. அறுபது ஆண்டுகளாக வளர்ந்த புத்தகம் இது. வழக்கமான உறுப்பினர் ஒருவர் வெளியூர் போனால் அவர் நாற்காலிக்கு வேறொருவர் வந்து அமர்வார். வருகிறவர் அந்தக் கடினமான தாளைப் பார்த்த மாத்திரத்தில் வாசிக்க வேண்டும். நியூயார்க்கில் இளம் கலைஞர் ஒருவருக்கு இங்கே மாற்று ஆளாக அழைப்பு வருவதே ஒரு தகுதிச் சான்று.

முதல் இரண்டு உருப்படிகளுக்குத் தனி வாசிப்பாளரைப் பார்க்கவே பார்க்காதீர்கள். கடினம்தான், ஏனென்றால் அவர் எழுந்து நிற்பார், எல்லோரும் அவரையே பார்ப்பார்கள். நீங்கள் உட்கார்ந்திருப்பவர்களைப் பாருங்கள்.

சாக்ஸபோன் வரிசையிலிருந்து தொடங்கலாம். இரண்டு ஆல்ட்டோ, இரண்டு டெனர், ஓரத்தில் கனமான பாரிடோன். ஐவரும் சேர்ந்து ஒரே வேகத்தில், ஒரே மூச்சில், ஒவ்வொருவரும் வெவ்வேறு சுரத்தில் நீண்ட ஓட்டம் ஒன்றை வாசிப்பார்கள். ஒருவர் மனோதர்மமாக வாசித்ததை ஐந்தாகப் பெருக்கியது போல இருக்கும். ஆனால் ஒவ்வொரு சுரமும் எழுதப்பட்டது. தாட் ஜோன்ஸ் இதில் மன்னன். ஆல்ட்டோவுக்குப் பதில் சோப்ரானோ சாக்ஸபோனை மேல் குரலாக வைப்பது அவருக்குப் பிடித்த உத்தி. அப்போது வரிசையின் நிறமே மாறிவிடும். சில இடங்களில் ஐவரும் சாக்ஸபோனைத் தாங்கியில் வைத்துவிட்டுப் புல்லாங்குழலையோ கிளாரினெட்டையோ எடுப்பார்கள். ஏதோ மாறப்போகிறது என்பதை உங்கள் கண்ணே முன்னால் சொல்லிவிடும்.

பிறகு டிரம்பெட்டுகளின் முன்பக்கத்து அகன்ற வாயைக் கவனியுங்கள். ஒருவர் அலுமினியத்தாலான அடைப்பானைச் செருகுவார். ஒலி மெலிந்து, தொலைவிலிருந்து வருவது போலாகும். இன்னொருவர் குழாய் அடைப்பை எடுக்கும் கருவியின் ரப்பர்க் கிண்ணத்தை, ஆம் அதையேதான், இடது கையில் பிடித்து டிரம்பெட்டின் வாயை மூடித் திறப்பார், டிரம்பெட் 'வா... வா...' என்று பேசும். கடையில் சில டாலருக்குக் கிடைக்கும் அந்த ரப்பர்தான் 1920களிலிருந்து இந்த இசையின் மிக வெளிப்படையான குரல்களில் ஒன்றைத் தந்துவருகிறது. நால்வரில் முதல் டிரம்பெட் என்று ஒருவர் உண்டு. அவர் தனி வாசிப்பு அதிகம் செய்யமாட்டார், ஆனால் ஒரு சுரத்தை எவ்வளவு நேரம் பிடிக்க வேண்டும், எங்கே விட வேண்டும் என்பதைத் தீர்மானிப்பவர் அவர்தான். மற்றவர்கள் அவர் மூச்சைப் பார்த்து மூச்சு விடுகிறார்கள். முழுக்குழுவும் ஒரு சுரத்தைச் சட்டென்று அறுக்கும் இடத்தில் அந்த வெட்டு எவ்வளவு சுத்தமாக இருக்கிறது என்று கேளுங்கள். குழுவின் தரம் அதில் தெரியும்.

டிராம்போன்களை எல்லோரும் மறந்துவிடுவார்கள். நடுவில் இருந்துகொண்டு எல்லாவற்றையும் ஒட்டவைப்பது அந்த வரிசைதான். அதிலும் பேஸ் டிராம்போன் ஒரு நீண்ட சுரத்தைக் கீழே வைக்கும்போது மேசையில் உள்ள கண்ணாடிக் குவளையில் அதிர்வு தெரியும்.

மூன்றாவது உருப்படியிலிருந்து தனி வாசிப்பாளர் பக்கம் வாருங்கள். இப்போது புதிதாக ஒன்று கேட்கும். அவர் வாசித்துக்கொண்டிருக்கும்போதே பின்னாலிருந்து குழு சிறு சிறு சொற்களைப் போடும். முதல் சுற்றில் பியானோ, பேஸ், டிரம்ஸ் மட்டும். இரண்டாவது சுற்றில் டிராம்போன்கள் மெல்ல ஒரு வரி. மூன்றாவதில் சாக்ஸபோன்கள் அதற்கு மறுமொழி. தனி வாசிப்பாளர் அந்த வரிகளோடு போராடுகிறாரா, அவற்றின்மேல் ஏறிக்கொள்கிறாரா? தாட் ஜோன்ஸ் முன்னால் நின்று நடத்திய நாட்களில், இந்தப் பின்வரிகளை எப்போது நுழைக்க வேண்டும் என்பதைக் கைவிரலால் அந்தந்த நேரத்தில் முடிவு செய்வார். திடீரென்று பேஸ், டிரம்ஸ் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு வாசிப்பவரைத் தனியாகத் தவிக்கவிடுவதும் உண்டு. இப்போது பெரும்பாலும் யாரும் எதிரே நின்று நடத்துவதில்லை. உட்கார்ந்தபடியே ஒரு தலையசைப்பு, ஓர் உயர்ந்த விரல். அந்தச் சைகைகளைக் கண்டுபிடிப்பது தனி விளையாட்டு.

தனி வாசிப்புகள் முடிந்ததும், முதல் மெட்டு திரும்புவதற்கு முன்னால், பதினாறு பேரும் சேர்ந்து பாயும் ஒரு சுற்று வரும். அதுவரை எழுதியவர் ஆங்காங்கே தூவி வைத்த துணுக்குகள் எல்லாம் அங்கே ஒன்றுகூடும். பழகிய ரசிகர்கள் காத்திருப்பது இதற்குத்தான். இது வருவதற்குச் சற்று முன் டிரம்ஸில் ஒரு முன்னறிவிப்பு விழும். அதை அடையாளம் கண்டுவிட்டால் அன்றைய டிக்கெட் காசுக்குப் பலன் கிடைத்துவிட்டது.

இனி அந்த மூன்று கையெழுத்துகள். தாட் ஜோன்ஸ் சிரித்துக்கொண்டே எழுதுகிறவர். காலை ஆட்டவைப்பார், ப்ளூஸ் என்ற அமெரிக்கக் கறுப்பினப் பாட்டு மரபின் மணம் எப்போதும் இருக்கும், மெட்டு முடிந்துவிட்டது என்று நினைக்கும் இடத்தில் ஒரு குறும்பு வைத்திருப்பார். புரூக்மேயர் 1980களில் எழுதியது வேறு உலகம். சுற்றுக்கணக்கில் அடங்காமல், ஒரு சிறு துணுக்கை எடுத்துப் பத்து நிமிடம் வளர்த்துக்கொண்டே போவார். மேற்கத்திய நவீனச் செவ்வியல் இசையின் இறுக்கம் அதில் உண்டு. கேட்பவருக்குச் சலுகை தரமாட்டார். மெக்னீலி இருவருக்கும் நடுவில் நின்று, அடுக்கடுக்காகத் தாளங்களைப் பின்னுகிறவர். முதல் முறை தாட்தான் பிடிக்கும், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. புரூக்மேயர் பிடிபடாவிட்டால் 32 எண்ணுவதை விட்டுவிட்டு, ஒரே ஒரு துணுக்கை மட்டும் பின்தொடருங்கள்; அது எங்கெல்லாம் உருமாறித் தலைகாட்டுகிறது என்று பார்ப்பதே போதும்.

கைதட்டல், கைபேசி, பேச்சு

தனி வாசிப்பு முடிந்து அடுத்தவர் தொடங்கும்போது கைதட்டுவது வழக்கம், உருப்படி முடியும்வரை காத்திருக்க வேண்டாம். ஆனால் கைதட்டலில் அடுத்தவரின் முதல் வாக்கியம் மூழ்கிவிடும். ஆகவே சுருக்கமாகத் தட்டுங்கள். நன்றாக இருந்தால் வாய்விட்டு 'ஆகா' சொல்லலாம், நம் சபைகளில் சொல்கிற மாதிரியே. மேடையில் இருப்பவர்களே ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிறார்கள்.

புகைப்படம், வீடியோ, ஒலிப்பதிவு எதுவும் கூடாது. இதில் கிளப் கறார். கைபேசியை அணைத்துப் பையில் போட்டுவிடுங்கள். இருட்டு அறையில் ஒரு திரை வெளிச்சம் பத்துப் பேர் கண்ணைக் குத்தும். வாசிக்கும்போது பேசவும் கூடாது. தமிழில் பேசினால் யாருக்கும் புரியாதே என்று குசுகுசுப்பவர்களையும் பார்த்திருக்கிறேன். புரிகிறதா என்பது அல்ல, கேட்கிறது. சிறுவர்களை அழைத்துப்போவதாக இருந்தால் வயது விதியை முன்பதிவின்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.

உடைக்கு விதி ஒன்றும் இல்லை. குளிர்காலத்தில் தடித்த கோட்டு மடியில்தான் இருக்க வேண்டியிருக்கும், மேசைகள் அவ்வளவு நெருக்கம்.

அதற்குப் பிறகு

நிகழ்ச்சி முடிந்ததும் கலைஞர்கள் பாருக்கும் சமையலறைக்கும் இடையே நடமாடுவார்கள். அணுகிப் பேசலாம். "அருமை" என்பதோடு நிறுத்தாமல், எந்த உருப்படி பிடித்தது, அது யார் எழுதியது என்று கேளுங்கள். பெரும்பாலும் நின்று விளக்குவார்கள். அந்தப் பெயரை அங்கேயே குறித்துக்கொண்டு, மறுநாள் வீட்டில் அதன் பதிவைத் தேடிக் கேளுங்கள். நேரில் கேட்டதும் பதிவில் கேட்பதும் எங்கே பிரிகின்றன என்று பார்த்தால், எது எழுதியது, எது அந்த இரவில் பிறந்தது என்பது விளங்கிவிடும். இதற்கு வேறு குறுக்குவழி எனக்குத் தெரியவில்லை.

ஒரு முறை போனவர்கள் மறுபடி போக உகந்த காலம் பிப்ரவரித் தொடக்கம். ஆண்டுவிழாவை ஒட்டி அந்த நாட்களில் குழு திங்களோடு நிற்காமல் தொடர்ச்சியாகப் பல இரவுகள் வாசிப்பது வழக்கம். அடுத்தடுத்த இரவுகளில் வாசித்து வாசித்து, வாரக் கடைசிக்குள் குழு இறுகிவிடும். புத்தகத்தில் அபூர்வமாக எடுக்கும் எண்களும் வெளியே வரும். ஜனவரியிலேயே தளத்தைப் பார்த்து டிக்கெட் வாங்கிவிடுங்கள். வார இறுதி இரவுகள் முதலில் தீர்ந்துபோகும். செவ்வாய், புதனில் இடம் கிடைப்பது சுலபம்.